பறவையைக் கலைக்காமல் படமெடுக்க

பறவைகளைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதைத்தான். அதைவிட முன்னதாகப் பழக வேண்டியது பறவையைப் படிக்கும் பழக்கம். மேய்ந்துகொண்டோ, இறகு கோதிக்கொண்டோ, அடைகாத்துக்கொண்டோ இருந்த பறவை நீங்கள் வந்த பிறகும் அதே வேலையைத் தொடருமானால், நீங்கள் நிற்கும் இடம் சரியானது. வேலையை நிறுத்திவிட்டு உங்களைக் கவனிக்கத் தொடங்கிவிட்டதென்றால், அது பறக்காமல் இருந்தாலும் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்றே கொள்ள வேண்டும். இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று எல்லாப் பறவைகளுக்கும் பொதுவாக ஒரு கணக்குச் சொல்ல முடியாது. தூண்டில் போடுகிறவர்களையும் துணி துவைக்கிறவர்களையும் அன்றாடம் பார்க்கும் மடையான் பக்கத்திலேயே நிற்கவிடும். அதே ஏரியில் குளிர்காலத்துக்கு வந்திறங்கிய வாத்துக் கூட்டம் நீங்கள் கரையேறும்போதே நடுநீருக்கு நகர்ந்துவிடும்.

கலக்கத்தின் அடையாளங்கள் பறப்பதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். கழுத்து நீளும், இறகுகள் உடலோடு ஒட்டிப் பறவை மெலிந்தாற்போலத் தோன்றும், மண்கொத்தி தலையை மேலும் கீழும் வெட்டி ஆட்டும், பல பறவைகள் எழும்புவதற்குச் சற்று முன் எச்சமிடும். முதல் அடையாளத்தைக் கண்டவுடன் நின்று, மெதுவாக உட்கார்ந்துவிடுங்கள். சில நிமிடங்களில் அது மீண்டும் மேயத் தொடங்கினால் அங்கிருந்தே படமெடுக்கலாம். தொடங்காவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவதுதான் முறை.

நெருங்கிப் போவதைவிடப் பறவை வரும் இடத்தில் முன்கூட்டிக் காத்திருப்பது எப்போதும் மேலானது. முதல் நாள் கேமராவைத் தொடாமல், அவை எந்தக் கரையில் மேய்கின்றன, எந்தப் பக்கமிருந்து வருகின்றன, காலை வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியுமுன் அந்த இடத்துக்குப் போய், மங்கிய நிற உடையில், வரப்பையோ புதரையோ ஒட்டித் தாழ்வாக உட்கார்ந்துவிட்டால், வெளிச்சம் வருவதற்குள் நீங்கள் அந்தக் கரையின் ஒரு பகுதியாகிவிடுவீர்கள். நடந்துதான் நெருங்க வேண்டுமென்றால், பறவையை நோக்கி நேராகப் போகாமல் சாய்வாக, அடிக்கடி நின்று நின்று போக வேண்டும். அது விலகிச் செல்லும் வழியை ஒருபோதும் அடைக்கக் கூடாது. சாலையோரப் பறவைகளுக்குக் காரே நல்ல மறைப்பு. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி, உள்ளே இருந்தபடியே எடுப்பவருக்குக் கிடைக்கும் படம், கதவைத் திறந்து இறங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை. கேமராவில் ஓசையில்லாத ஷட்டர் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

பறக்கும் படத்துக்காக மேயும் கூட்டத்தை நோக்கி ஓடுவதும் கல்லெறிவதும் இன்றும் நடக்கின்றன. இதை நான் எந்த வகையிலும் மன்னிக்க முடியாத செயலாகவே கருதுகிறேன். கோடியக்கரை போன்ற ஈரநிலங்களுக்கு வரும் கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம்தான். ஆர்க்டிக் கரையோரத் தூந்திர நிலத்தில் இனப்பெருக்கம் செய்துவிட்டுப் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் அது, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஒருமுறை எழுப்பிவிட்டதால் அது செத்துவிடாது என்பது உண்மையே. ஆனால் உங்களுக்குப் பின் இன்னொருவர், அவருக்குப் பின் ஒரு நாய், மாலையில் ஒரு சுற்றுலாக் குழு என்று நாள் முழுதும் எழும்பிக்கொண்டே இருக்கும் பறவை, தின்றதையெல்லாம் பறப்பதிலேயே செலவழித்துவிடுகிறது. பூநாரைக் கூட்டத்துக்கும் இதே கணக்குதான். கூட்டம் தானாக எழும்பும் நேரங்கள் உண்டு. வல்லூறு தலைக்கு மேல் வந்தாலே போதும். அதற்காகக் காத்திருங்கள்.

கூடுகளைப் பற்றி என் கருத்து இன்னும் கடுமையானது: கூட்டைத் தேடிப் போகாதீர்கள், தற்செயலாகக் கண்ணில் பட்டால் அப்பால் நகர்ந்துவிடுங்கள். தரிசு நிலத்தில் ஆள்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்துகிறதென்றால், உங்கள் காலடிக்கு அருகில் எங்கோ முட்டையோ குஞ்சோ இருக்கக்கூடும். சரளைக் கற்களுக்கிடையே ஒரு சிறு குழிவு, அதில் மண்ணின் நிறத்திலேயே கரும்புள்ளிகளோடு நான்கு முட்டைகள். அவ்வளவுதான் அதன் கூடு. சித்திரை வெயிலில் அந்த முட்டைகள் வெந்துவிடாமலிருக்கத் தாய்ப்பறவை நிழல் தந்து நிற்பதும், தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளை ஈரப்படுத்துவதும் வழக்கம். நீங்கள் அங்கே நின்று லென்ஸைச் சரிசெய்யும் நேரம் முழுதும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. நீங்கள் போன பிறகும் ஆபத்து தீர்வதில்லை, ஏனெனில் ஆள் குனிந்து பார்த்த இடத்தை மரத்திலிருக்கும் காகம் குறித்து வைத்துக்கொள்கிறது.

இலை மறைவில் இருக்கும் கூட்டுக்கு எதிரே ஒரு கிளையை ஒடித்தாலோ, தையல்சிட்டின் கூட்டை மறைக்கும் இலையை நூல்கட்டி விலக்கினாலோ தெளிவான படம் கிடைக்கத்தான் செய்யும். அந்த இலைதான் குஞ்சுகளை வெயிலிலிருந்தும் செண்பகத்தின் கண்ணிலிருந்தும் காத்து வந்தது. நீங்கள் விலக்கியதை மறுபடி மூடிவிட்டு வந்தாலும் ஒடித்த இலை இரண்டே நாளில் வாடிச் சுருண்டுவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் முட்டைகளையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது என்பதையும் படமெடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டமாகக் கூடுகட்டும் ஏரிகளில் மட்டும், அமைத்துத் தந்திருக்கும் கரையிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் கூடுகளைப் படமெடுக்கலாம். உச்சி வெயிலில் மஞ்சள்மூக்கு நாரை சிறகுகளை அகல விரித்து, குஞ்சுகள் தன் நிழலில் இருக்கும்படி சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பதை அங்கிருந்தே நன்றாகப் பார்க்க முடியும். கரையை விட்டு இறங்கி மரத்தடிக்குப் போனால் அந்த நிழல் போய்விடும். பாதி வளர்ந்த குஞ்சுகள் மிரண்டு கூட்டிலிருந்து விழுவதும் உண்டு. இந்த ஏரிகளைக் காத்து வந்தவர்கள் ஊர்மக்களே என்பதை நினைவில் வையுங்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுடுவதற்கு எதிராக முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு பெற்றார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளின் மத்தாப்பு மகிழ்ச்சியையே விட்டுக்கொடுத்த ஊரில், வெளியூரிலிருந்து வந்த நாம் கைதட்டிப் பறவையை எழுப்புவது எவ்வளவு தகாத காரியம்!

செல்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதையும் தவிர்க்க வேண்டும். ஐப்பசியில் வடக்கிலிருந்து களைத்து வந்து சேரும் ஆறுமணிக்குருவி, தன் இடத்தில் போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று எண்ணித்தான் அந்த ஒலிக்கு வெளியே வருகிறது. இல்லாத எதிரியைத் தேடும் நேரத்தில் அது இரையும் தேடுவதில்லை, தன்னைக் காத்துக்கொள்வதுமில்லை. ஆந்தைகளுக்கு இரவில் ஃபிளாஷ் வேண்டாம். பகலில் பொந்து வாயிலில் உறங்கும் புள்ளி ஆந்தை கண்ணை அகலத் திறந்து தலையை ஆட்டிப் பார்க்கிறதென்றால் உறக்கம் கெட்டுவிட்டது என்று பொருள். அதை வெளியே பறக்கவைத்தால் காகங்களும் கரிச்சான்களும் சூழ்ந்து துரத்தும். எலியையோ மீனையோ கட்டிவைத்து எடுக்கும் படத்தைக் காட்டுப் பறவையின் படம் என்று சொல்வதே நேர்மையாகாது. ட்ரோனைப் பறவைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டே போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு பொறுப்பு மிச்சமிருக்கிறது. செல்பேசியிலும் சில கேமராக்களிலும் படத்தோடு இடக்குறிப்பும் பதிவாகிவிடும். அரிய பறவை, ஆந்தை, கூடு ஆகியவற்றின் படங்களைப் பகிர்வதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டால் போதும். ஒருவர் அமைதியாகப் பார்த்துவிட்டு வந்த ஆந்தையின் மரத்தடியில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முக்காலிகளோடு ஒரு வரிசையே நிற்பது இப்படித்தான் தொடங்குகிறது. பறவைக் கணக்குக்காக, பார்த்த பறவைகளைப் பதிவிடும் இணையதளமான இ-பேர்டில் பதிவிடுவதில் தயங்க வேண்டாம்; ஆபத்துக்குள்ளாகும் சில இனங்களின் இடத்தை அத்தளமே பொதுப்பார்வைக்கு மறைத்துவிடுகிறது. மற்ற இனங்களின் கூடு பற்றிய பதிவைக் குஞ்சுகள் பறந்துபோன பின் இடுங்கள்.

களத்தில் இன்னொருவர் பறவையைக் கலைப்பதைக் கண்டால் முதலில் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். புதிதாக வந்தவர்களில் பலருக்குத் தாங்கள் செய்வது இன்னதென்று தெரிவதில்லை. சொல்லியும் கேட்காமல் கூட்டில் கை வைக்கிறவராக இருந்தால், வாக்குவாதத்தை வளர்த்துப் பறவையை மேலும் மிரட்டாமல், இடத்தையும் நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டு அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு அன்றே தெரிவியுங்கள்.