அம்மாவோடு நீண்ட வெளிநாட்டுச் சுற்றுலா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் பத்துமலை அடிவாரத்தில் நின்று, 140 அடி முருகனை அண்ணாந்து பார்த்த அம்மா, "நம்ம புத்திரகவுண்டன்பாளையத்து முருகன் 146 அடி கண்ணு. இவரவிட ஆறடி ஒசரம்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு தூரம் கூட்டி வந்தால் எங்கள் சேலம்-ஆத்தூர் ரோட்டில் இருக்கிற முருகனைப் பேசுகிறாரே என்று.

அம்மா குறை சொல்லவில்லை, ஊர்ப்பெருமை பேசினார், அவ்வளவுதான். அது அன்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே மாலை கட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்மணி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். முழம் என்ன விலை, பூ எங்கிருந்து வருகிறது, உங்க தாத்தா எந்த ஊர் என்று பேச்சு நீண்டது. நான் மணியைப் பார்த்து, பார்த்து, "இரட்டைக் கோபுரத்துக்கு நேரமாச்சும்மா" என்று எழுப்பிக் கூட்டிப் போனேன். இன்றும் மலேசியா என்றால் அம்மா அந்தப் பூக்காரம்மாவைத்தான் பேசுகிறார். இரட்டைக் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அது பன்னிரண்டு நாள் பயணம். அதன்பின் பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று இருபத்தோரு நாள் போய்வந்தோம். அம்மாவுக்கு அப்போது 67 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலது முழங்காலில் தேய்மானம். இரண்டு பயணங்களிலும் நான் செய்த தவறுகளும், செய்யப்போய்க் கடைசி நேரத்தில் தப்பியவையும்தான் இங்கே எழுதுவது. அத்தனைக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான்: அம்மா "பரவாயில்ல" என்றால் அதை அப்படியே நம்பிவிடுவது.

நாள் குறிப்பதில் தொடங்குகிறது

ஐரோப்பாவுக்கு நல்ல பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்று எல்லோரும் சொல்ல, நான் ஆகஸ்ட் தொடக்கத்தில் டிக்கெட் எடுத்தேன். சேலத்துப் பெண்ணுக்கு ஆடி மாதம் என்றால் என்னவென்று யோசிக்கவே இல்லை. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டு, பொங்கல் வைத்து, சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை ஊர்வலம் பார்த்து வளர்ந்தவரை அந்த வாரத்தில் பாரிஸில் நிறுத்தப் பார்த்தேன். "பரவாயில்ல சாமி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாதது தெரிந்தது. கட்டணம் கட்டித் தேதியை மே கடைசிக்கு மாற்றினேன்.

புரட்டாசிச் சனி, கிருத்திகை, அப்பாவின் திதி எல்லாவற்றையும் காலண்டரில் குறித்துவிட்டுப் பிறகு டிக்கெட் தேடுங்கள். அப்பா ரயில்வேயில் இருந்தவர் என்பதால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குவோர் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். அந்த மாதத்தில் நீண்ட பயணம் வைத்துவிட்டு, திரும்பி வந்து வங்கிக்கு அலைய வேண்டாம்.

பெயரும் காகிதமும்

நம் ஊரில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. அதனால் நிறைய அம்மாக்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் இருந்து, ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோருக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. துபாயில் இறங்கி இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற எங்கள் திட்டம் அதில்தான் நின்றது. டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷியலை விரித்து எழுதுவதில்தான் குழப்பம் வரும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கிடைத்தால் போதும் என்று இருப்பதிலேயே மலிவான பாலிசியை எடுப்பது பெரிய தவறு. அம்மாவின் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பாதுகாப்பு உண்டா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். மறைத்தது தெரிந்தால் பணம் வராது, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரிக்கு ஆகும் செலவை நம்மால் தாங்க முடியாது.

ஏற்காட்டில் ஒரு ஒத்திகை

இதை நான் முதல் பயணத்துக்கு முன் செய்யவில்லை, இரண்டாவதுக்கு முன் செய்தேன். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். கல் பாவிய தெரு, படிக்கட்டு, அருங்காட்சியகத்தில் மணிக்கணக்கான நிற்றல். அம்மாவால் எவ்வளவு முடியும் என்று கேட்டால் "அதெல்லாம் நடப்பேன்" என்றுதான் பதில் வரும். அதனால் இரண்டு நாள் ஏற்காடு போனோம். புது ஷூவைப் போடச் சொல்லி லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நடக்கவைத்தேன். சேர்வராயன் கோயிலில் அந்தத் தாழ்ந்த குகைக்குள் குனிந்து போய்வந்தார். கிளியூர் அருவிக்கு இறங்கும் படிகளில் பாதியிலேயே நின்றுவிட்டார். ஏறுவதைவிட இறங்குவதில்தான் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அறுபத்தேழு வயது அம்மாவைப் பற்றி அவ்வளவு நாள் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அந்த இரண்டு நாளில் திட்டமே மாறியது. மணிக்கூண்டு, கோபுரம் என்று ஏறி இறங்கும் இடங்களை எல்லாம் அடித்துவிட்டேன். லிஃப்ட் இல்லாத பழைய கட்டட விடுதி ஒன்றை ரத்து செய்தேன். குளியலறையில் தொட்டி வேண்டாம், தரையோடு இருக்கும் ஷவர் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன், ஈரக்காலோடு தொட்டி விளிம்பைத் தாண்டுவதுதான் வயதானவர்களுக்கு ஆபத்து. ஷூவைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, தினமும் காலையில் போட்டு நடக்கவையுங்கள். வாழ்நாள் முழுக்கச் செருப்பில் பழகிய கால் அது. புறப்படும் வாரத்தில் வாங்கிய ஷூ மூன்றாம் நாளே கொப்புளம் போடும். சர்க்கரை உள்ள காலில் கொப்புளம் சின்ன விஷயம் இல்லை.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சுவிட்சர்லாந்தில் எல்லோரும் போகிற யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர். ஏற்காட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு. இதயக் கோளாறோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். எங்கள் டாக்டர் வேண்டாம் என்றார். கீழே ஏரியில் படகில் போனோம்.

புறப்படும் ராத்திரி

சேலத்திலிருந்து சாயங்காலம் கார் எடுத்து, தொப்பூர் கணவாய் ஏறி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, பெங்களூரு நெரிசலை முழுக்கக் கடந்து வடக்கே தேவனஹள்ளி போய்ச் சேர்ந்து, விடிகாலை மூன்று, நான்கு மணி விமானம் ஏறுவது நம் ஊர் வழக்கம். பிள்ளைகளுக்கு அது ஒன்றும் இல்லை. அம்மா விமானத்தில் உட்காரும்போதே ஒரு ராத்திரித் தூக்கத்தை இழந்திருப்பார். முந்தின நாளே போய் அங்கே ஒரு அறை எடுத்துத் தங்குங்கள்.

சக்கர நாற்காலியை 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள். "நான் என்ன நொண்டியா?" என்று அம்மா கோபப்பட்டார். விமான நிலையத்தில் கேட்டுக்குப் போகும் தூரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தை நாலு முறை நடப்பது போல என்று சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். மணிக்கொரு முறை கணுக்காலைச் சுழற்றச் சொல்லுங்கள், நடைபாதை ஓர இருக்கை எடுத்து அவ்வப்போது எழுந்து நடக்கவையுங்கள்.

கொலுசை வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். சேலத்துக் கொலுசு, கனமான வெள்ளி. கோலாலம்பூர் போகும்போது சோதனை வாசல் கூவி, அம்மாவை ஓரமாக நிறுத்தி, வரிசை முழுக்கப் பார்க்க, குனிந்து திருகாணியைக் கழற்ற முடியாமல் அவர் கை நடுங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. நான் அப்போது வாசலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். எப்போதும் அம்மாவை முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள்.

பெட்டியையும் ஒருமுறை நீங்களே பிரித்துப் பாருங்கள். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா இருக்கும். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை. நெய், பால்கோவா, கறிவேப்பிலை, சேலத்து மாம்பழம் எதையும் ஐரோப்பாவுக்குள் அப்படியே கொண்டுபோக முடியாது. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைக்க விட மாட்டார்கள். தட்டுவடையும் பருப்புப்பொடியும் எங்களோடு நிம்மதியாக வந்தன.

மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினைக் கண்டிப்பாகப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும். மருந்தின் மூலப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஐரோப்பாவில் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் பாரிஸில் பொழுது சாயவே ராத்திரி பத்து மணி ஆகிறது. வெளிச்சத்தை நம்பினால் சாப்பாடும் தப்பும், மாத்திரையும் தப்பும்.

அம்மா தண்ணீர் குடிக்கவில்லை

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன்.

பாரிஸில் நான்காம் நாள் அம்மாவின் முகம் வாடிப் போயிருந்தது. வெயில் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் பையைத் தூக்கினால் கனத்தது. காலையில் நான் நிரப்பிக் கொடுத்த ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. கேட்டால், "குடிச்சா ஒண்ணுக்கு வருது கண்ணு. அங்கங்க காசு கேக்கறாங்க. உள்ள தண்ணியும் இல்ல. நீயும் எத்தன தடவதான் தேடுவ" என்றார். அன்று ராத்திரி நீர்க்கடுப்பு, காய்ச்சல். மருந்துக்கடையில் சைகையிலும் கைபேசி மொழிபெயர்ப்பிலும் பேசி, டாக்டரைப் பார்த்து, இரண்டு நாள் அறையிலேயே கிடந்தோம்.

அதன்பின் ஒவ்வொரு நாள் திட்டத்திலும் கழிவறை எங்கே என்பதை முதலில் எழுதினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மா கேட்காமலே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். சில்லறைக் காசு ஒரு சுருக்குப்பையில் அம்மாவிடமே இருந்தது. கால் கழுவ, கழுவிக்கொள்ள ஒரு காலி பாட்டில் எப்போதும் என் பையில். அறைக்கு ஒரு பிளாஸ்டிக் மக். இவ்வளவுதான், அம்மா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்.

காசு விஷயமும் இதில் ஒட்டியிருக்கிறது. "ஒரு காபி நானூறு ரூவாயா!" என்று அம்மா திடுக்கிட்டால், "இங்கெல்லாம் அப்படித்தான், கணக்குப் பார்க்காதீங்க" என்று நான் எரிந்து விழுந்தேன். அடுத்த நாளே "எனக்குக் காபி வேண்டாம்" என்றார். கணக்குப் பார்த்துக் குடும்பத்தை ஓட்டியவரிடம் அப்படிச் சொல்வது அநியாயம். பிறகு வாரத்துக்கு 50 யூரோ அவர் கையில் கொடுத்தேன். அவர் காசில் அவர் ஐஸ்கிரீம் வாங்கினார், எனக்கும் வாங்கித் தந்தார்.

சமையலறை வைத்த வீடு எடுத்தால் செலவு குறையும் என்பார்கள். ரசமும் சோறும் கிடைக்கும், உண்மை. ஆனால் மூன்றே நாளில் அம்மா வீட்டில் செய்கிற வேலையை அங்கேயும் செய்துகொண்டிருப்பார். அடுப்பை நீங்கள் பிடியுங்கள்.

ஊரில் நாலரைக்கு எழுந்து பழகியவர், அங்கே ராத்திரி ஒரு மணிக்கே விழித்துவிடுவார். ஒருநாள் மூன்று மணிக்கு எழுந்தால் படுக்கையில் அம்மா இல்லை. குளியலறைக் கதவுக்கடியில் வெளிச்சம். என் தூக்கம் கெடக்கூடாதென்று உள்ளே மூடிய பீங்கான் மேல் உட்கார்ந்து மெல்லச் சாமி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று நாளுக்கு எந்த ஊர்சுற்றலும் வைக்காதீர்கள். முடிந்தால் தடுப்புள்ள அறை எடுங்கள். ஒரே ஊரில் நாலைந்து நாளாவது தங்குங்கள்.

கூட்டத்தில் பிரிந்தால்

மெட்ரோவில் நான் ஏறிவிட்டேன், கதவு மூடிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா. அந்தப் பதினோரு நிமிடம் என் ஆயுளில் நீளமானது. நல்லவேளை, முந்தின நாள்தான் பேசி வைத்திருந்தோம்: "பிரிஞ்சா நீங்க நின்ன இடத்த விட்டு நகரக் கூடாதும்மா, நான்தான் திரும்பி வருவேன்." திரும்பி வந்தபோது அதே தூணில் சாய்ந்து, பையை மார்போடு அணைத்து நின்றார். விடுதி முகவரியை அந்த நாட்டு மொழியில் அச்சடித்த சீட்டும், நம் எண் எழுதிய அட்டையும், ரோமிங் போட்ட கைபேசியும் அம்மாவிடம் எப்போதும் இருக்க வேண்டும். காலையில் கிளம்பும்போது அன்றைய சேலையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரத்தில்தான் கேள்வியை மாற்றினேன். "வலிக்குதாம்மா? முடியுமாம்மா?" என்றால் வருவது "பரவாயில்ல" ஒன்றுதான். அதனால் ராத்திரி படுக்கும்போது, "நாளைக்கு இந்த மூணுல எத எடுத்துடலாம்?" என்று கேட்கத் தொடங்கினேன். முதல் ராத்திரி யோசித்தார். அடுத்த ராத்திரி பிளாரன்ஸில், ஓவியக்கூடத்தையும் பெரிய தேவாலயத்தையும் தயங்காமல் எடுத்துவிட்டார். மிஞ்சியது காய்கறிச் சந்தை.

காலையில் போனோம். ஒரு கடையில் கட்டுக் கட்டாகப் பூசணிப் பூ. அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, கடைக்காரப் பாட்டியிடம் தமிழிலேயே, "இத நீங்களும் பஜ்ஜி போடுவீங்களா?" என்றார். அந்தப் பாட்டி என்ன புரிந்துகொண்டாரோ, ஒரு பூவை எடுத்து மாவில் முக்குவது போலக் காட்டி, எண்ணெயில் போடுவது போலக் காட்டி, இரண்டு விரலைச் சேர்த்து வாயில் வைத்து முத்தமிட்டுக் காட்டினார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.