தோற்றவரும் மறுநாள் கதவைத் திறக்க வரவேண்டும்: தன்னார்வச் சங்கத்தில் நிர்வாகக் குழுத் தேர்தல் நடத்தும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வாசகசாலை இருக்கிறது. அதோடு சேர்த்து பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் நடக்கிறது. தினமும் ஐந்தரை மணிக்கு யாராவது ஒருவர் சாவி வாங்கித் திறப்பார், இன்னொருவர் பெருக்குவார், ஒரு டீச்சர் கணக்கு சொல்லிக் கொடுப்பார். யாருக்கும் சம்பளம் கிடையாது.

சில வருடங்களுக்கு முன்பு நிர்வாகக் குழுவைக் கைதூக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்தோம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் சந்தா கட்டிய பத்துப் பன்னிரண்டு பேரும் கை தூக்கினார்கள். அவர்களுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்று அங்கேயே சத்தம் போட்டோம். கடைசியில் ஒரு குழு வந்தது. ஆனால் தோற்ற நாலு பேர் அதன் பிறகு வாசகசாலைப் பக்கமே வரவில்லை. அந்த நாலு பேரில் ஒருவர்தான் கணக்கு டீச்சர். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

சம்பளம் வாங்காமல் வேலை செய்பவரை எந்த விதியாலும் பிடித்து வைக்க முடியாது. அதனால் நான் தேர்தலை ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: தோற்றவர் மறுநாள் சாவி வாங்க வருவாரா? கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்காகத்தான். முதல் தடவையாகத் தேர்தல் நடத்தப் போகிறவர்களை நினைத்து எழுதுகிறேன்.

முதல் படி: பைலாவை எடுத்து வாசியுங்கள்

பலர் இதைச் செய்வதில்லை. பைலா, அதாவது சங்கத்தின் விதிகள், பீரோவில் கிடக்கும், வழக்கத்தை வைத்துத் தேர்தல் நடக்கும். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய பழைய சங்கம் என்றால் பைலா மலையாளத்தில்கூட இருக்கலாம். அப்படியென்றால் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்துத் தமிழில் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள்.

பைலாவில் தேட வேண்டியவை: யார் உறுப்பினர், யாருக்கு ஓட்டு, குழுவில் எத்தனை பேர், பதவிக்காலம் எவ்வளவு, கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வரவேண்டும் (கோரம்), எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால், குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் 3 வருடத்தைத் தாண்டக் கூடாது. இருந்தவரே மறுபடியும் நிற்கத் தடை இல்லை. பைலாவில் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் தேர்தலுக்கு முன்பே தனியாக மாற்றுங்கள். அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வந்து ஓட்டுப் போடுபவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவு. தேர்தல் நாளன்று அவசரத்தில் விதியை மாற்றினால், அது யாரை வெல்ல வைக்க என்றுதான் ஊர் பேசும்.

இரண்டாம் படி: தேர்தல் அலுவலரைப் போடுங்கள்

போட்டியிடாதவராக இருக்க வேண்டும், போட்டியிடுபவரின் வீட்டு ஆளாகவும் இருக்கக் கூடாது. பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டரோ தபால் அலுவலகத்தில் இருந்தவரோ கிடைத்தால் மிகவும் நல்லது. பைலாவின் ஒரு நகலை அவர் கையில் கொடுத்து, "உங்க முடிவுதான் முடிவு சார்" என்று குழு எழுத்தில் தீர்மானம் போட வேண்டும். வாய்ச்சொல் போதாது.

மூன்றாம் படி: உறுப்பினர் பட்டியல்

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். நான் பார்த்த தகராறுகள் பெரும்பாலும் ஓட்டு எண்ணும் மேசையில் வந்தவை அல்ல, இந்தப் பட்டியலில் வந்தவை. எங்கள் ஊரில் நடந்ததும் இதுதான்.

முதலில் ஒரு கடைசித் தேதி வையுங்கள். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு ஒரு நாளைக் குறித்து, அன்று வரை சேர்ந்து சந்தா நிலுவை இல்லாதவருக்கு ஓட்டு என்று பைலாவில் இருப்பது நல்லது. இல்லையென்றால் அடுத்த திருத்தத்தில் சேருங்கள். அப்புறம் வரைவுப் பட்டியலை எழுதி வாசகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு வாரம் விடுங்கள். பெயர் விட்டுப் போனவர், நிலுவைக் கணக்கு தப்பு என்பவர், இறந்தவர் பெயர் இருக்கிறது என்பவர் எல்லாரும் எழுதிக் கொடுக்கட்டும். தேர்தல் அலுவலர் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, இறுதிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டு ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் ஒரு பெயர்கூடச் சேரக் கூடாது, ஒரு பெயர்கூடப் போகக் கூடாது.

பெயர் எழுதும்போது வீட்டுப் பெயரையும் விளையின் (வீடு இருக்கும் தோட்டத்தின்) பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நம் பக்கம் ஒரே ஊரில் மூன்று ராஜன், இரண்டு மேரி இருப்பது சாதாரணம். புளியவிளை ராஜன் யார், தெக்கேவீட்டு ராஜன் யார் என்று பட்டியலைப் பார்த்தாலே தெரிய வேண்டும்.

இன்னொரு விஷயம். தினமும் வந்து வேலை செய்கிறவர் சிலர் சந்தா கட்டாமல் விட்டிருப்பார்கள், அவர்களிடம் யாரும் கேட்டும் இருக்க மாட்டார்கள். கடைசித் தேதிக்கு முன்பே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள். வேலை செய்தவருக்கு ஓட்டு இல்லை, எட்டிப் பார்க்காதவருக்கு ஓட்டு உண்டு என்றால் அந்த மனக்கசப்பு லேசில் ஆறாது.

நான்காம் படி: நாளும் நேரமும்

நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஞாயிறு காலை என்றால் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வர முடியாது. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு எந்த நாள் காலையும் சரிப்படாது. கடற்கரை ஊர்களில் ஞாயிறு பொதுவாகக் கடலுக்குப் போக மாட்டார்கள். எல்லாருக்கும் பொருந்துவது ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. ஐப்பசி மாதத்தில் மட்டும் பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும், அந்த மாதத்தைத் தவிர்க்கலாம். ஓணம், மண்டைக்காட்டுக் கொடை (கோவில் திருவிழா), டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாள், கிறிஸ்துமஸ் வாரம், உங்கள் ஊர் அம்மன் கொடை எல்லாவற்றையும் காலண்டரில் குறித்துவிட்டு அப்புறம் தேதி வையுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் எண்ணி முடிக்கிற மாதிரி நேரம் இருக்கட்டும். இல்லையென்றால் தூரத்துப் பெண்கள் பாதியில் எழுந்து போவார்கள்.

நோட்டீஸை 21 நாளுக்குக் குறையாமல் முன்பே கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கையில் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். அதில் இடம், நேரம், எத்தனை இடங்கள், வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள், வாபஸ் வாங்கக் கடைசி நாள் எல்லாம் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வேட்புமனு

ஒரு பக்கம் போதும். பெயர், வீட்டுப் பெயர், முன்மொழிபவர், வழிமொழிபவர், நிற்பவரின் சம்மதக் கையெழுத்து. சம்மதம் கேட்காமல் பெயர் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இதோடு நிற்கட்டும். கீழே இரண்டு கேள்வி சேருங்கள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும்? எந்த வேலையைப் பொறுப்பேற்பீர்கள்? அந்தப் பதில்களைச் சுவரில் ஒட்டினால், உறவு பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கூட ஒரு நிமிஷம் நின்று வாசிப்பார்.

பெண்களை நேரில் போய்க் கேளுங்கள். மாலை வகுப்பு எடுப்பதில் பாதிப் பேர் அவர்கள்தான். ஆனால் குழுவுக்குப் பெயர் கொடுக்கும்போது "நமக்கெதுக்கு" என்று ஒதுங்கிவிடுவார்கள். "நீங்க நிக்கணும் அக்கா, கணக்கு புக்கை உங்களை விட யாரும் சரியா எழுத மாட்டாங்க" என்று காரணத்தோடு கேட்டால் யோசிப்பார்கள்.

7 இடத்துக்கு 7 மனுதான் வந்தால், போட்டியின்றித் தேர்வு என்று தேர்தல் அலுவலர் அறிவிக்கலாம். ஆனால் 8 மனு வந்தபோது எட்டாம் ஆளை வீட்டில் போய்ச் சமாதானம் செய்து வாபஸ் வாங்க வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏகமனது என்று மினிட் புக்கில் (கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில்) எழுதிவிடலாம். மனசு வேறு சொல்லும்.

ஆறாம் படி: எந்த முறையில் ஓட்டு?

பைலா வேறு சொல்லாவிட்டால், முதலில் குழு உறுப்பினர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் யார் என்பதை அந்தக் குழு தன் முதல் கூட்டத்தில் முடிவு செய்யட்டும். தலைவர் பதவிக்கு நேரடிப் போட்டி வைத்தால், இரண்டு நல்ல ஆட்களில் ஒருவர் குழுவுக்கே வராமல் போய்விடுவார்.

7 இடம், 11 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 7 பேர் வரை டிக் போடலாம் என்பது வழக்கமான முறை. இதில் ஒரு குறை உண்டு. பாதிக்கு மேல் ஆதரவு உள்ள ஒரு அணி கட்டுப்பாட்டோடு ஓட்டுப் போட்டால் ஏழு இடமும் அவர்களுக்கே போய்விடும். மற்றவர்களுக்கு ஒரு குரல்கூட மிஞ்சாது. உங்கள் ஊரில் இரண்டு அணி இருந்தால், 7 இடத்துக்கு ஒருவர் 4 டிக் மட்டுமே போடலாம் என்று பைலாவில் முன்கூட்டியே வையுங்கள். அப்போது சிறிய அணிக்கும் இரண்டு மூன்று இடம் கிடைக்க வழி உண்டு. நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

ஒரே நாளில் குழு முழுக்க மாறாமல் இருக்க, வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு பேர் மட்டும் ஓய்வு பெறும் முறையும் உண்டு. முதல் வருடம் யார் ஓய்வு பெறுவது என்பதைச் சீட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். மின் கட்டண ரசீது எங்கே இருக்கிறது, மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர் யார் என்று தெரிந்த ஒருவராவது எப்போதும் குழுவில் இருப்பார்.

ஏழாம் படி: ஓட்டுச் சீட்டும் பெட்டியும்

பெயர்களை அகர வரிசையில் அடியுங்கள், பக்கத்தில் கட்டம். மேலே பெரிய எழுத்தில்: "4 பேருக்கு மேல் டிக் போட்டால் செல்லாது. குறைவாகப் போட்டால் செல்லும்." சீட்டின் பின்புறம் தேர்தல் அலுவலர் கையெழுத்து இருக்க வேண்டும், ஆனால் சீட்டில் வரிசை எண் இருக்கக் கூடாது. எண் இருந்தால் யார் யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடித்துவிடலாம். பட்டியலில் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுங்கள்.

ரப்பர் ஸ்டாம்பும் மையும் வேண்டாம். ஈர மையோடு மடித்தால் எதிர்ப்பக்கக் கட்டத்திலும் அச்சு பதிந்துவிடும். காகிதச் சீட்டில் நடக்கும் அரசுத் தேர்தலில் அம்புக்குறிச் சிலுவை முத்திரை வைத்திருப்பதே, மடித்ததில் பதிந்த அச்சு எது என்று திசையைப் பார்த்துப் பிரித்தறியத்தான். நமக்கு நூல் கட்டிய ஒரு பால்பாயின்ட் பேனா போதும்.

பெட்டிக்கு எங்கள் ஊரில் பெரிய பிஸ்கட் டின்தான். மூடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் டின்னைக் கவிழ்த்து, காலியாக இருப்பதை எல்லாருக்கும் காட்டி, மூடியைச் சுற்றி வெள்ளைத் தாள் ஒட்டி அதன்மேல் போட்டியாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். மறைவுக்கு, ஜன்னல் ஓரம் மேசை போட்டு மூன்று பக்கமும் வேட்டி கட்டினால் போதும்.

எட்டாம் படி: எண்ணிக்கை

எல்லாரும் பார்க்கிற இடத்தில் எண்ணுங்கள். முதலில் பெயர் எதையும் பார்க்காமல் சீட்டுகளை மட்டும் எண்ணுங்கள். கொடுத்த சீட்டும் பெட்டியில் உள்ள சீட்டும் சரியாக வந்த பிறகுதான் அடுத்த வேலை. அப்புறம் ஒருவர் சீட்டை உயர்த்திக் காட்டி வாசிக்க, இன்னொருவர் கரும்பலகையில் கோடு போடுவார்: நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. மூன்றாமவர் நோட்டில் அதையே குறிப்பார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். செல்லாத சீட்டைத் தனியாக வைத்து, ஏன் செல்லாது என்று அதன்மேலேயே எழுதுங்கள்.

போன தேர்தலில் ஒரு டீச்சர் இரண்டு ஓட்டில் தோற்றார். மெதுவாகத்தான் கேட்டார்: "ஒரு தடவை கூட எண்ணிப் பாத்துரலாமா அண்ணாச்சி?" அலுவலர் முகம் சுளிக்காமல், "அதுக்கென்ன டீச்சர், வாங்க, நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க" என்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து மறுபடி எண்ணினார். அதே இரண்டு ஓட்டுதான். அடுத்த நாள் ஐந்தரைக்கு டீச்சர் வகுப்பில் இருந்தார்.

ஓட்டு சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல். எடுக்கும் சீட்டில் உள்ள பெயர் ஜெயித்தவரா, வெளியேறுபவரா என்பதை எடுப்பதற்கு முன்பே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதி முடிப்பதும் ஒப்படைப்பதும்

அன்றே மினிட் புக்கில் எழுதுங்கள்: வந்தவர் எத்தனை, பதிவானது, செல்லாதது, ஒவ்வொருவர் வாங்கிய ஓட்டு. தேர்தல் அலுவலரும் போட்டியிட்ட எல்லாரும் கையெழுத்து. சீட்டுகளைக் கவரில் போட்டு ஒட்டி, சில மாதமாவது பாதுகாப்பாக வையுங்கள்.

குழு மாறியதைப் படிவம் 7-இல் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்திலேயே செய்துவிடுங்கள். தேர்தல் செல்லுமா என்ற பெரிய தகராறு வந்தால் அது சிவில் கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் இழுக்கும். மேலே சொன்ன காகிதங்கள் உங்களிடம் இருந்தால் அந்த நிலைமை வருவது அபூர்வம். வங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மான நகலோடு இந்தப் படிவத்தின் நகலும் கேட்பார்கள், இரண்டு நகல் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய குழு ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைக்கட்டும்: ரொக்கம், பாஸ்புக், ரசீதுப் புத்தகம், புத்தகப் பதிவேடு, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு, மோட்டார் ரூம் சாவி. வாசல் சாவி மூன்று இருந்தால், ஒன்று செயலாளருக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு. மூன்றாவதைத் தோற்றவர்களில் மாலையில் திறந்து பழகியவர் கையிலேயே விட்டுவிடுங்கள்.