"ஒரே மூச்சில்" நீந்தும் பிள்ளைகள்

குழந்தை 25 மீட்டர் குளத்தை ஒரே மூச்சில் கடந்துவிட்டால் பெற்றோருக்குப் பெருமை தாங்காது. அந்த "ஒரே மூச்சு"தான் சிக்கலே.

தொடக்க வகுப்பில் மூச்சை அடக்கிக்கொண்டே சிறிது தூரம் போய்விடலாம். அடுத்த நிலையில் அது செல்லாது. கைகளை மாறி மாறி வீசிக் குப்புற நீந்தும் ஃப்ரீஸ்டைலில், முகம் நீருக்குள் இருக்கும்போதே காற்றைக் குமிழ் குமிழாக விட்டுவிட வேண்டும். தலை திரும்பும் நொடி உள்ளிழுக்க மட்டும். பலரும் அந்த ஒரு நொடியில் வெளியே விட்டு, உள்ளேயும் இழுக்கப் பார்க்கிறார்கள். நேரம் போதாமல் தலையைத் தூக்குகிறார்கள். தலை எழும்பினால் இடுப்பு தாழும், கால்கள் தாழும். கரையில் நிற்பவரோ "காலை நன்றாக அடி!" என்று கத்துவார். பிழை காலில் இல்லை. நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் நீருக்குள்ளேயே இருக்குமளவு தலை உருண்டால் போதும்.

தவளைபோல் நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் அவசரமே எதிரி. இழுப்பு, மூச்சு, உதை, அதன்பின் உடலை நீட்டிச் சறுக்குதல். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பிள்ளைகள் விழுங்கிவிடுகிறார்கள். ஒரு பாதம் வெளிப்புறம் திரும்பியும் மற்றது நீண்டும் இருந்தால் அது கத்தரி உதை. போட்டியில் தகுதி நீக்கம்தான். இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃபிளையில் கை ஒரு சுற்று வர இரண்டு உதை. களைத்தபின் நீந்தும் பட்டர்ஃபிளை தவறான பழக்கத்தையே படிய வைக்கும் என்பதால், குறைந்த தூரமே நல்லது.

மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கில் சுவர் எங்கே என்று திரும்பிப் பார்ப்பது இன்னொரு பழக்கம். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குறுக்கே தொங்கும் கொடிகள் அலங்காரத்துக்கு அல்ல. கொடியிலிருந்து சுவர்வரை எத்தனை கைவீச்சு என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். வளரும் பிள்ளைக்கு அந்த எண்ணிக்கை மாறும். சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி எண்ண வேண்டும்.

ஒரு விளையாட்டை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள்: வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு, நீருக்கடியில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்ற போட்டி. அப்படி மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூச்செடுக்கும் தவிப்பைத் தூண்டுவதே அந்த வாயுதான். தவிப்பு வருமுன்பே நினைவு தப்பலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

நான்கு வகை நீச்சலும் தெரிந்த பிள்ளையிடம், பயிற்சியாளர் அருகில் இருக்கும்போது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆழமான பகுதியில் இரண்டு நிமிடம் நிமிர்ந்த நிலையில் மிதக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அடுத்த சில வகுப்புகளுக்கு வேலை அதுதான், வேகம் காத்திருக்கட்டும்.