பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.பி. டிப்ளமோ: டெல்டா மாவட்ட மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுள் சிலர், வழக்கமான மேல்நிலை வகுப்புக்குப் பதிலாக ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) என்ற பன்னாட்டுக் கல்வி அமைப்பின் இரண்டு ஆண்டு டிப்ளமோ படிக்க விரும்புகிறார்கள். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோ ஊர் திரும்பும் குடும்பங்களிலும், வெளிநாட்டில் பட்டம் படிக்க எண்ணும் வீடுகளிலும் இந்தப் பேச்சு எழுகிறது. எந்தப் பாடங்களை எடுப்பது, இரண்டு ஆண்டுகளிலும் எதையெல்லாம் எழுதித் தர வேண்டியிருக்கும் என்ற இரண்டையும் சேர்வதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொண்டவர்களுக்குத்தான் இந்தப் படிப்பு பயன்படும்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வரும் பிள்ளை என்றால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை எண்ணிப் பாருங்கள். மருத்துவப் படிப்புக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் வந்த இந்த ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த உரிமை போய்விடும். தமிழ்நாட்டிலேயே மருத்துவமோ பொறியியலோ படிப்பதுதான் நோக்கம் என்றால், அரசுப் பள்ளி மாணவர் மாறாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மாறுவதென்று முடிவானால் பெரும்பாலும் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டியிருக்கும். ஐ.பி. அமைப்பின் இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடி, அது டிப்ளமோ நடத்த அனுமதி பெற்ற பள்ளியா, அனுமதிக்காகக் காத்திருக்கும் பள்ளியா என்பதைப் பார்த்துவிடுங்கள். கட்டணத்தைக் கேட்கும்போது தேர்வுக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்க்கைக்கு ஐ.பி. அமைப்பு பொதுத் தேர்வு எதுவும் நடத்துவதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் விதிப்படியே சேர்க்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண், ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஒரு நுழைவுத் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றைப் பல பள்ளிகள் கேட்கின்றன. தமிழ்வழியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவது இயல்பு. விடுமுறையில் தினமும் ஒரு செய்திக் கட்டுரையைப் படித்து, அதன் வாதம் என்ன, அது எந்த ஆதாரத்தின் மேல் நிற்கிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பழகினால், இலக்கணப் பயிற்சி நூல்களைவிட அதிகம் உதவும். ஏனெனில் நேர்காணலிலும் பின்னர் இரண்டு ஆண்டுகளிலும் மாணவரிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்படுவது அதுதான்.

பாடத் தேர்வில்தான் மிகுந்த கவனம் வேண்டும். முதல் மொழி, இரண்டாம் மொழி, சமூக அறிவியல் பாடம், அறிவியல், கணிதம், கலை என ஆறு தொகுதிகள் உண்டு. கலைக்குப் பதிலாக முதல் நான்கு தொகுதிகளிலிருந்து இன்னொரு பாடத்தை எடுக்கலாம். எடுக்கும் ஆறில் பொதுவாக மூன்று ஹையர் லெவல் (ஆழமாகப் படிக்கும் உயர்நிலை), மூன்று ஸ்டாண்டர்ட் லெவல் (பொது நிலை). முன்னதற்கு 240 மணி நேரமும் பின்னதற்கு 150 மணி நேரமும் பாடவேளை. இந்த அமைப்பில் இரண்டு அறிவியல் பாடங்களுக்கே இடம் இருப்பதால், இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தேவைப்படும் நீட் மாணவருக்குச் சிக்கல் வருகிறது. பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தேவை என்று காட்டி, மூன்று அறிவியலுடன் கூடிய விதிவிலக்கு டிப்ளமோவுக்குப் பள்ளி முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். அதற்குப் பள்ளி தயாரா என்பதைச் சேரும் நாளிலேயே கேளுங்கள். நீட் தேர்வும் ஐ.பி. இறுதித் தேர்வும் மே மாதத்தில் நெருங்கி வருவதையும் மறக்க வேண்டாம். பொறியியல் படிக்க எண்ணுபவர், இரண்டு கணிதப் பாடங்களுள் 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்' என்பதை ஹையர் லெவலில் எடுப்பது பாதுகாப்பானது. தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானே பயிலும் வழியும் ஸ்டாண்டர்ட் லெவலில் இருக்கிறது. தமிழை அவ்வாறு எடுக்கப் பள்ளி இசையுமா என்று கேட்டுப் பார்ப்பது நம் பிள்ளைகளுக்கு மிகவும் நல்லது.

ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை புள்ளி தரப்படுகிறது. ஆறு பாடங்களுக்கு 42, மாணவரே தலைப்புத் தேர்ந்து ஆய்ந்து எழுதும் விரிவான கட்டுரைக்கும், ஒன்றை நாம் எப்படி அறிகிறோம் என்று ஆராயும் அறிவுக் கோட்பாட்டுப் பாடத்துக்கும் சேர்த்து 3, ஆக மொத்தம் 45. டிப்ளமோ பெற 24 புள்ளிகள் வேண்டும். மூன்று ஹையர் லெவல் பாடங்களில் 12ம், ஸ்டாண்டர்ட் லெவல் பாடங்களில் 9ம் வர வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளும் உண்டு. படைப்பாக்கம், உடல்சார்ந்த செயல்பாடு, சேவை ஆகியவற்றை உள்ளடக்கிய சி.ஏ.எஸ். பகுதிக்குப் புள்ளி இல்லை, ஆனால் அதை முடிக்காதவருக்கு டிப்ளமோ கிடைக்காது.

நம் மேல்நிலைத் தேர்வில் அகமதிப்பீடு 10 மதிப்பெண்; அது பெரும்பாலும் முழுமையாகவே கிடைத்துவிடுகிறது. இங்கே அப்படி எண்ணிவிடக் கூடாது. அறிவியல் பாடங்களிலும் கணிதத்திலும் 20 விழுக்காடு, மாணவரே கேள்வி அமைத்துச் செய்யும் ஆய்வுக்கு உரியது. ஆசிரியர் போடும் மதிப்பெண்ணை வெளி மதிப்பீட்டாளர் மாதிரி எடுத்துச் சரிபார்ப்பதால், தாராளமாகப் போட்ட மதிப்பெண் குறைக்கப்படும்.

விரிவான கட்டுரையின் உச்ச அளவு 4,000 சொற்கள். 'காவிரிப் பிரச்சினை' என்று தலைப்பு வைத்தால் அது இந்த அளவுக்குள் அடங்காது. வேதாரண்யம் பகுதியில் கடலிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கிணற்று நீரின் உப்புத்தன்மை எப்படி மாறுகிறது என்பதும், நேரடி நெல் கொள்முதல் நிலையம் அருகில் உள்ள ஊரிலும் தொலைவில் உள்ள ஊரிலும் குறுவை நெல்லை விவசாயி யாரிடம் விற்கிறார் என்பதும் அளந்தும் கேட்டும் விடை காணக்கூடிய கேள்விகள். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் போன்ற இடம் வீட்டுக்கு அருகில் இருப்பது, வரலாறு எடுப்பவருக்கு வேறு எந்த ஊரிலும் கிடைக்காத வாய்ப்பு. தரவு திரட்டும் வேலையை முதலாண்டு விடுமுறையில் ஊருக்கு வரும்போதே முடித்துவிடுங்கள். பிறர் எழுத்தையோ செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்ததையோ மேற்கோள் காட்டாமல் பயன்படுத்தினால், அந்தப் பகுதிக்கு மதிப்பெண்ணே இல்லாமல் போகலாம்.

மே மாதத் தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில் வரும். உள்ளூர்க் கலந்தாய்வுக்கு இது தாமதம் என்பதால், ஐ.பி. புள்ளிகளை இங்குள்ள மதிப்பெண்ணாக மாற்றுவது, டிப்ளமோ பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையானது என்ற சான்றிதழ் ஆகியவற்றுக்கான நடைமுறையைப் பள்ளி வழியாக முந்தைய டிசம்பரிலேயே விசாரித்து வையுங்கள். முடிவு வந்தபின் மறுமதிப்பீடு கேட்கலாம். அதில் புள்ளி கூடவும் செய்யும், குறையவும் செய்யும் என்பதால், பாட ஆசிரியரிடம் கலந்து பேசிய பின்னரே ஒப்புதல் கையெழுத்திடுங்கள்.