கையால் அமுக்கும் எஸ்பிரெசோவுக்கு எந்தக் கோப்பிக்கொட்டை?

கையடக்க எஸ்பிரெசோக் கருவி (சுடுதண்ணியைப் பம்பால் அமுக்கித் தூளுக்குள்ளால் தள்ளிக் கடுங்கோப்பி இறக்குவது) வந்து சேர்ந்த மறுநாள் விடியவே அதைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைக்குப் போனேன். கருவி இருந்தது, சுடுதண்ணிப் போத்தல் இருந்தது. கோப்பி மட்டும் வாங்கியிருக்கவில்லை. அம்மா வறுத்து இடித்து வைத்திருந்த தூளில் இரண்டு கரண்டி அள்ளி, கடதாசிச் சரையில் மடித்துக்கொண்டு போயிருந்தேன். தூளைப் போட்டேன், தண்ணி ஊற்றினேன், அமுக்கினேன். பம்பு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக அமுக்க, மூடியின் ஓரத்தால் கறுப்புத் தண்ணி பீச்சிச் சேட்டெல்லாம் தெறித்தது. வலையை உதறிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, சைக்கிளுக்குக் காத்தடிக்கிறீரோ?" என்றார்.

கருவியில் பிழையில்லை. அம்மாவின் கோப்பியிலும் பிழையில்லை. அது கொதிதண்ணியில் போட்டு, கலக்கி, அடியில் மண்டி படியும்வரை பொறுத்துக் குடிப்பதற்கென்று மாவாக இடித்தது. அந்த மாவைச் சின்னக் கிண்ணத்தில் அடைத்துத் தண்ணியை நெருக்கித் தள்ளினால், சேறு மாதிரி இறுகி வழியை அடைத்துவிடும். அதற்குப் பிறகு கொட்டையைப் பற்றி நான் கற்றுக்கொண்டதைத்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: கருவியின் கிண்ணத்தை அளந்து பாருங்கள்

கடையில் இருக்கும் பெரிய மெசின் ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில், 90 பாகைக்கு மேற்பட்ட சூட்டில், அரை நிமிடத்துக்குள் ஒரு எஸ்பிரெசோவை இறக்கிவிடும். நம் கையிலிருப்பது அழுத்தத்தை மட்டும் ஓரளவு எட்டிப் பிடிக்கும். சூடு நாம் ஊற்றும் தண்ணியில்தான் இருக்கிறது. நானோபிரெசோ போன்ற கையடக்கக் கருவிகளின் கிண்ணத்தில் 8 கிராம் தூள் பிடிக்கும், பிக்கோபிரெசோவில் 18 கிராம். எத்தனை கொட்டை வாங்குவது என்ற கணக்கு இதில்தான் தொடங்குகிறது. 8 கிராம் கருவிக்கு 250 கிராம் பை ஒன்று ஏறக்குறைய 31 தடவைக்குக் காணும். நாளுக்கு இரண்டு தரம் குடித்தால் இரண்டு கிழமை. "மலிவாகக் கிடைக்குது" என்று ஒரு கிலோவாக வாங்காதீர்கள்.

படி 2: உங்கள் தண்ணி எவ்வளவு சூடு?

கொட்டையின் பெயரைப் பார்க்க முதல் இதைப் பாருங்கள். எங்கள் ஊர் கடல்மட்டத்தில் இருப்பதால் தண்ணி 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் அது 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் வீட்டுக் குசினியில் கேத்தல் கொதித்த கையோடு ஊற்றுபவருக்குச் சூட்டுக்குக் குறைவில்லை. ஆனால் அதே தண்ணியைப் போத்தலில் அடைத்து நிலாவெளிக்கோ மார்பிள் கடற்கரைக்கோ கொண்டுபோய் ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் கதை வேறு. போத்தலில் கொஞ்சம், கருவியின் உடம்பில் கொஞ்சம், கோப்பையில் கொஞ்சம் என்று சூடு களவு போகும்.

இதற்கு ஒரு பாதிப் பரிகாரம் உண்டு. தூள் போடாமல் ஒருமுறை சுடுதண்ணியை மட்டும் ஊற்றி அமுக்கி வெளியேற்றுங்கள், கருவி சூடாகும். மீதிப் பாதியைக் கொட்டைதான் ஈடுகட்ட வேண்டும்.

படி 3: வறுவலின் நிறம்

மென்வறுவல் கொட்டை கறுவாப்பட்டை நிறத்தில், கல்லுப்போல இறுக்கமாக இருக்கும். பழப்புளிப்பும் பூவாசமும் அதற்குள் இருப்பது உண்மைதான், ஆனால் அதை வெளியே எடுக்க நல்ல சூடு வேண்டும். ஆறின போத்தல் தண்ணியில் அது தேசிக்காய்த் தண்ணி போலப் புளிக்கும். தொடங்குபவர் இந்தப் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம்.

மறுபுறம் அடுப்புக்கரி போலக் கறுத்து, எண்ணெய் மினுங்கும் கொட்டை. குறைந்த சூட்டிலும் இலகுவாகக் கரைந்து வரும். ஆனால் மேலே கசிந்த எண்ணெய் காற்றுப்பட்டுச் சீக்கிரம் காறிப்போகும், எங்கள் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். கருவியின் சல்லடையிலும் பிசுபிசுப்பு ஒட்டும்.

நான் சொல்வது பனங்கட்டி நிறம். நல்ல கடும்பழுப்பு, மேற்பரப்பில் எண்ணெய் இல்லை, இருந்தாலும் ஓரிரு பொட்டு. பையில் "மீடியம் டார்க்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இதுதான். வீட்டில் மட்டும் குடிப்பவர் ஒரு படி இறங்கி "மீடியம்" வாங்கலாம்.

படி 4: திகதி

மற்ற எல்லாப் படியையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பையில் காலாவதித் திகதி எப்போதும் இருக்கும், அது நமக்கு உதவாது. தேட வேண்டியது வறுத்த திகதி. வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமிலவாயு சேர்கிறது. எஸ்பிரெசோவின் மேலே தேன்நிறத்தில் நிற்கும் நுரை, அதுதான் கிரெமா, அந்த வாயுவால் வருவது. வறுத்து இரண்டு மூன்று நாளில் அமுக்கினால் வாயு மிதமிஞ்சி, வெறும் நுரையாகப் பொங்கும், ருசி பிடிபடாது. ஒரு கிழமை பொறுங்கள். அதிலிருந்து ஐந்தாறு கிழமைவரை நல்ல காலம். அதற்குப் பிறகு கெட்டுப்போகாது, குடிக்கலாம், ஆனால் மெல்லிய கறுப்புத் தண்ணியாக இறங்கும். என்னதான் அமுக்கினாலும் நுரை வராது.

திருகோணமலைக் கடைகளில் தூள் தாராளம், கொட்டை அரிது. ஏப்ரல் முதல் செப்டெம்பர்வரை வெளிநாட்டுக்காரர் வரும் காலத்தில் உப்புவெளிப் பக்கம் மெசின் வைத்திருக்கும் கபேக்களில், "கொட்டை கொஞ்சம் நிறுத்துத் தருவீங்களா?" என்று கேட்டுப் பார்க்கலாம். மற்றக் காலத்தில் கொழும்பிலோ கண்டியிலோ வறுப்பவர்களிடம் கூரியரில் எடுப்பதுதான் வழி. போனில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "எப்ப வறுத்தது?" பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். நான் ஒருமுறை கேட்க வெட்கப்பட்டு வாங்கி, எட்டு மாதப் பழையதைப் பெற்றேன். பை மட்டும் வலு வடிவு.

நேரில் வாங்கினால், பையில் பொத்தான் போல ஒரு வால்வு இருக்கிறதா பாருங்கள். உள்ளிருக்கும் வாயு வெளியேறவும் வெளிக்காற்று உள்ளே போகாமலும் வைத்தது அது. பையை மெல்ல அமுக்கி அதன்மேல் மூக்கை வையுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. சொக்லேட், வறுத்த கச்சான், வெல்லம் போல மணந்தால் சரி. பழைய அட்டைப்பெட்டி மணம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

வைத்திருக்கும் விதமும் இதே கதைதான். வாடைக்காற்றோடு மாரி தொடங்கினால் இங்கே உப்புப் போத்தலே கசியும், கோப்பி மட்டும் தப்புமா? இறுக்க மூடும் போத்தலில், வெயில் படாத அலுமாரிக்குள் வையுங்கள். பிரிட்ஜுக்குள் வைத்து நாளுக்கு நாலுதரம் திறக்கவேண்டாம், குளிர்ந்த கொட்டையில் ஈரம் வேர்க்கும்.

படி 5: அரபிகாவா, ரொபஸ்டாவா?

இவை கோப்பியின் இரண்டு இனங்கள். அரபிகா மென்மையும் இனிப்பும். ரொபஸ்டா கடுமை, கசப்பு, கபேன் ஏறக்குறைய இரட்டிப்பு, நுரையும் கூட. ரொபஸ்டா என்றால் மட்டம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கையால் அமுக்கும் கருவியில் நுரை கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் வரும். நாலில் ஒரு பங்கு ரொபஸ்டா கலந்த கொட்டை அந்தக் குறையை மறைக்கும். ரின்பால் விட்டுக் குடிக்கும் ஆட்களுக்கு இந்தக் கலவைதான் பொருத்தம், தனி அரபிகாவைப் பால் விழுங்கிவிடும். சீனி கூடப் போடாமல் குடிப்பவர் முழு அரபிகா வாங்கட்டும்.

இலங்கைக் கொட்டை இரண்டு வகையிலும் கிடைக்கும். மலையகத்துக்கு எங்கள் சனம் முதலில் கொண்டுவரப்பட்டது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்குத்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் துருநோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் தோட்டம் தோட்டமாக அரபிகா அழிந்து, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. ரொபஸ்டா அந்த நோயைத் தாங்கும். நாம் இன்று தேத்தண்ணிச் சனமாக இருப்பதற்கு ஒரு பூஞ்சணம் காரணம்.

வாங்கக்கூடாத ஒன்று: சிக்கரி (வறுத்து அரைத்த ஒருவகை வேர்) கலந்த இந்திய பில்டர் கோப்பித்தூள். பில்டரில் அது அமிர்தம். இந்தக் கிண்ணத்துக்குள் ஊறிப் பிசினாகி அடைத்துவிடும். மல்லி, வேர்க்கொம்பு சேர்த்த தூளுக்கும் இதே தடை.

படி 6: அரைவை

கொட்டையாக வாங்கி அப்பப்போ அரைப்பதே மேல். மசாலா அரைக்கும் கிரைண்டர் வேண்டாம்: பாதி மாவாகவும் பாதி குருணலாகவும் வரும், தூள்மசாலா வாசமும் ஏறும். கையால் சுற்றும் கோப்பி அரைவை ஒன்று வாங்குங்கள். பதம், சாப்பாட்டு உப்புத்தூளைவிடச் சற்று நைசு, கோதுமை மாவைவிடக் கரடு. இரண்டு விரலால் நசித்தால் ஒரு கணம் ஒட்டி நின்று உதிரவேண்டும். அரைவைக்குக் காசு இல்லாவிட்டால், வறுப்பவரிடம் கருவியின் பெயரைச் சொல்லி 100 கிராம் மட்டும் அரைத்து எடுங்கள். அரைத்தது ஒரு கிழமைக்கு மேல் நிற்காது.

படி 7: அமுக்கிப் பார்த்துத் திருத்துவது

ஒரு பை கொட்டையை ஒரு கோப்பையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் சில அமுக்கில் துளி வராது, தூள் நனைகிறது. பிறகு பம்பில் எதிர்ப்புத் தெரியும், எலிவால் போல மெல்லிய தாரையாக இறங்கும். 8 கிராம் தூளுக்கு 16 முதல் 20 கிராம்வரை கோப்பி இறங்கினால் நிறுத்திக் குடியுங்கள்.

எதிர்ப்பே இல்லாமல் தண்ணியாக ஓடி, நாக்கின் ஓரம் புளித்தால், அடுத்த தடவை அரைவையின் திருகை ஒரு புள்ளி நகர்த்தி நைசாக அரையுங்கள். கை நோக நோக அமுக்கியும் சொட்டுச் சொட்டாகக் கசந்து வந்தால் ஒரு புள்ளி கரடாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரைவை சரியாக இருந்தும் புளிப்புப் போகாவிட்டால் தண்ணி ஆறிவிட்டது, அல்லது அடுத்த பை இன்னும் கொஞ்சம் கறுத்த வறுவலாக இருக்கவேண்டும். எந்தப் பை, எந்தத் திகதி, அரைவை எத்தனையாம் புள்ளி என்று பையிலேயே பேனையால் குறித்து வையுங்கள். என் குசினி அலுமாரியில் இப்போதிருக்கும் பையில், "11ஆம் புள்ளி, கடற்கரைக்கு 10" என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே அம்மா தன் கையெழுத்தில், "இடிக்கிற தூளோட கலக்காதே" என்று எழுதி வைத்திருக்கிறா.