துவரையை வைத்து மொத்த அளிப்புக் கோடு வரையலாம் வாங்க

துவரையை உலகிலேயே அதிகம் விளைவிப்பது இந்தியா. அதிகம் இறக்குமதி செய்வதும் இந்தியாதான். மியான்மர், மொசாம்பிக், தான்சானியா, மலாவி நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அதனால் உள்நாட்டு, வெளிநாட்டு அளிப்பைச் (ஒவ்வொரு விலைக்கும் விற்பனைக்கு வரும் அளவைச்) சேர்த்துப் பார்க்க நல்ல பொருள் இது. கிராஃப் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை.

படி 1: செங்குத்து அச்சில் கிலோ விலை, கிடைமட்ட அச்சில் அளவு (லட்சம் டன்).

படி 2: உள்நாட்டுக் கோடு. 60 ரூபாய்க்கு 20, 80க்கு 25, 100க்கு 30, 120க்கு 35. புள்ளிகளை இணையுங்கள்.

படி 3: வெளிநாட்டுக் கோடு. இங்கே விலை என்பது நம் துறைமுகத்தில் வந்து இறங்கும் விலை. கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் இதில் அடக்கம். 80 ரூபாய் வரை யாருக்கும் கட்டுப்படியாகாது, வரத்து பூஜ்யம். 100க்கு 4, 120க்கு 8.

பல பாடங்களில் வெளிநாட்டு அளிப்பைப் படுக்கைக் கோடாகப் போடுவார்கள். உலகச் சந்தையில் நாம் சின்ன வாடிக்கையாளர் என்றால் அது சரி: எவ்வளவு கேட்டாலும் அதே விலைக்குக் கிடைக்கும். துவரையில் அப்படி இல்லை. அந்த நாடுகளின் ஏற்றுமதி பெரும்பாலும் நம்மை நம்பியே நடக்கிறது. நாம் கூடுதலாகக் கேட்டால் அங்கேயும் விலை ஏறும். அதனால்தான் கோட்டைச் சாய்வாகப் போட்டோம்.

படி 4: கூட்டல். ஒரே விலையில் இரண்டு அளவுகளையும் கூட்டுங்கள். விலைகளைக் கூட்டவே கூடாது; பலரும் தடுமாறும் இடம் இதுதான்.

60க்கு 20 + 0 = 20
80க்கு 25 + 0 = 25
100க்கு 30 + 4 = 34
120க்கு 35 + 8 = 43

80 ரூபாய் வரை மொத்தக் கோடு உள்நாட்டுக் கோட்டோடு ஒன்றியே போகும். அங்கே ஒரு முறிவு. அதற்குமேல் கோட்டின் சாய்வு குறைந்துவிடும்: அதே 20 ரூபாய் ஏற்றத்துக்கு முன்பு 5 லட்சம் டன் கூடியது, இப்போது 9. விளைச்சல் குறைந்த வருடத்தில் விலை எவ்வளவு எகிறும் என்பதில் இந்தச் சாய்வுக்கும் பெரிய பங்கு உண்டு.

படி 5: இறக்குமதிக்கு உச்சவரம்பு. விளைச்சல் கொட்டி விலை சரிந்த பிறகு, 2017 ஆகஸ்டில் அரசு துவரை இறக்குமதியை நிதியாண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பிட்டது. நம் படத்தில் வெளிநாட்டு வரத்து 90 ரூபாயில் 2ஐத் தொடும். அதற்குமேல் அந்தக் கோடு நேர்செங்குத்து. ஆகவே 90இல் மொத்தக் கோடு மறுபடி முறிந்து, உள்நாட்டுக் கோட்டுக்கு இணையாக, 2 தள்ளி ஏறும். 120 ரூபாய்க்கு 43க்குப் பதில் 37தான்.

வரம்பை 4 ஆக்கி நீங்களே வரைந்து பாருங்கள். இரண்டாவது முறிவு 100 ரூபாயில் வர வேண்டும்.