அயர்லாந்துக் கிராமத்துக் கொள்ளுத்தாத்தாவைத் தேட: 1911இலிருந்து பின்னோக்கி

அயர்லாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் உழுது பிழைத்தவரைத் தேடுகிறீர்களா? 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். 1901, 1911 இரண்டும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். அதற்கு முந்தையவை கிடைப்பது அபூர்வம்: 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது, அதற்கும் முந்தையவற்றில் பெரும்பகுதி 1922இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போய்விட்டது.

பெயரை மட்டும் போட்டால் ஒரே பெயரில் நூறு பேர் வந்து நிற்பார்கள். அவர் இருந்த டவுன்லேண்ட் தெரிந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும். சில நூறு ஏக்கர் கொண்ட, நம்மூர் குக்கிராமம் மாதிரியான சின்ன நிலப்பிரிவு அது. இன்னொன்று, வயதை நம்பாதீர்கள். 1901இல் 56 என்று எழுதியவர் 1911இல் 71 ஆகியிருப்பார், ஏனென்றால் இடையில் 1908இல் வந்த சட்டம் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் தந்தது, அந்தத் தலைமுறையில் பலரிடம் பிறப்புச் சான்று என்று எதுவுமே இல்லை.

1911 படிவத்தில் மனைவியின் வரியை நிதானமாகப் படியுங்கள். கல்யாணமாகி எத்தனை வருடம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று மூன்று எண்கள் இருக்கும். 22, 9, 6 என்று பார்த்தால் எனக்கு அந்த மூன்று பிள்ளைகள்தான் முதலில் மனதில் வருவார்கள். சரி, 1911இல் 22ஐக் கழித்தால் 1889. முன்னும் பின்னும் இரண்டு வருடம் சேர்த்துத் திருமணப் பதிவைத் தேடுங்கள். மனைவியின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் தெரியாவிட்டால் பிள்ளைகளில் ஒருவருடைய பிறப்புப் பதிவில் இருக்கும்.

கத்தோலிக்கத் திருமணங்களை அரசு பதியத் தொடங்கியது 1864இல்தான், மற்றவர்களுடையதை 1845இலேயே. பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில்தான், அதாவது அவர்கள் சேர்ந்த தேவாலய வட்டாரத்தில்தான், கல்யாணம் நடக்கும், அங்கே பாருங்கள். வயது இருக்கவேண்டிய இடத்தில் 'முழு வயது' என்று மட்டும் இருந்தால் 21 நிறைந்தவர் என்று அர்த்தம், அவ்வளவுதான். இரண்டு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் அதே பதிவில் இருக்கும், ஒரு தலைமுறை மேலே ஏற அது போதும். சாட்சிகள் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரம் அது கூடப்பிறந்தவராக இருக்கும்.

1864க்கு முன்னால் போக வேண்டுமென்றால் தேசிய நூலகத்தின் தளத்தில் உள்ள கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள்தான் வழி. பலவற்றில் பெயர்கள் லத்தீனில் இருக்கும், ஜேம்ஸைத் தேடுகிறவர் யாக்கோபுஸ் என்ற பெயரையும் பார்க்கவேண்டும்.